மாதிரி போனுக்குச் சிவப்புச் சீட்டு

பருத்திப்பட்டு ஏரிக்கரை நகர் நலச்சங்கம் ஒரு செல்போன் வாங்கியது என்று சொன்னால், யாரோ ஒருவர் கடைக்குப் போய் வாங்கி வந்தார் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படி நினைத்தால் நீங்கள் வெளியூர். ஏரிக்கரை நகரில் முக்கால்வாசிப் பேர் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு திருகாணியை ஒரு குழு பார்த்து, அந்தக் குழுவை இன்னொரு குழு பார்த்து, அதற்குப் பிறகுதான் முடுக்கியவர்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தப் பழக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது? சங்கத்தில் இறக்கினார்கள்.

போன் எதற்கு என்றால், நகரின் மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அடைப்பைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால்தான் ஆள் வரும் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சங்கத்தில் அநேகமாக எல்லோருடைய சட்டைப்பையிலும் செல்போன் இருந்தது. ஆனால் அவை சொந்தப் போன்கள். சொந்தப் போனில் பொதுக் கால்வாயைப் படம் எடுக்க விதியில் இடமில்லை.

எனவே, போன் ஒன்று வாங்கலாமா என்று முடிவு செய்வதற்காக, போன் ஒன்று வாங்கப்பட்டது. அதற்கு மாதிரி என்று பெயர். ரொம்ப உசத்தியும் இல்லை, ரொம்ப மட்டமும் இல்லை. "நாம் நடுத்தர வர்க்கம், போனும் நடுத்தரமாகத்தான் இருக்க வேண்டும்" என்று தலைவர் ஜானகிராமன் பேசினார். கைதட்டினார்கள். அவர் தொழிற்சாலையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். வீட்டில் காபி ஆறிப்போனால்கூட "என் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறது" என்றுதான் மனைவியிடம் சொல்வார்.

மாதிரி களப்பரிசோதனையில் தேறினால் அதுவே சங்கத்தின் போன். பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். தேறாவிட்டால் கழிவு. கழிவிலும் இரண்டு வகை, தொழிற்சாலையில் இருந்தபடியே. மஞ்சள் சீட்டு கட்டினால் ஏலம். சங்கத்தின் பழைய மைக் செட்டு, டீ கேன், கால் ஆடுகிற நாற்காலிகள் எல்லாம் மஞ்சள் சீட்டோடுதான் உறுப்பினர்களின் வீடுகளுக்கு நடந்து போயின. சிவப்புச் சீட்டு என்றால் ஆபத்தான பொருள். அதைப் பரிசோதகரே தம் கையால் இரும்புக் கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் நசுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது நைசாக நல்ல குவியலில் சேர்த்துவிடுவார்கள்.

தொழிற்சாலையில் அந்தச் சுத்தியலைக் காலமெல்லாம் பிடித்தவர்தான் நம் ஜோசப்ராஜ். நல்ல பொருளை அவர் கழித்ததில்லை, கழித்ததை விட்டதில்லை. மேலதிகாரி கண்ணைக் காட்டினாலும் அசையமாட்டார். ஓய்வு பெற்றபோது வெள்ளி முலாம் பூசிய சுத்தியல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். சங்கக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கீழே "நேர்மை" என்று எழுதியிருக்கிறது.

மாதிரி போனைப் பயன்படுத்திப் பார்த்து அறிக்கை தரும் பொறுப்பு அவருக்கே வந்தது. நேர்மை ஒரு காரணம். இன்னொரு காரணம், ஏரிக்கரை நகரில் பட்டன் போன் வைத்திருந்த கடைசி மனிதர் அவர்தான். ஒரு வருஷாந்திரக் கூட்டத்தில் மேடையேறி, தடவுற போனை வாங்கினவன் குடும்பம் உருப்படாது, என் பொணம் போற வரைக்கும் என் ஊட்டு வாசல்ல அது ஏறாது என்று முழங்கியிருந்தார். மஸ்கட்டில் இருக்கும் மகள் ரியா, தான் ஒன்று வாங்கி அனுப்புவதாகப் பலமுறை கெஞ்சிவிட்டாள். மாட்டேன் என்றுவிட்டார். ரியாவுக்குக் குழந்தை பிறந்தபோது, பக்கத்து வீட்டுக்குப் போய் வடிவின் போனில்தான் முகம் பார்த்தார்கள். ஜோசப்ராஜ் அப்போதும் வாசலுக்கு வெளியே நின்று, தூரத்திலிருந்து கழுத்தை நீட்டித்தான் பார்த்தார். கொள்கை.

போன் வீட்டுக்கு வந்தது. சங்கச் சொத்து என்பதால் கொள்கைக்குப் பங்கமில்லை.

முதல் சிக்கல், போன் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விரலைப் பதிந்துவிட்டால் அப்புறம் தொட்டாலே திறக்கும் என்றார்கள். இரும்பைத் தடவித் தடவி ஜோசப்ராஜின் விரலில் ரேகையே மிச்சமில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். கால் கட்டைவிரலையும், யாரும் இல்லாத சமயம் பார்த்து. போன் ஒவ்வொரு முறையும் ஒரு நடுக்கம் நடுங்கி, நீ யாரோ என்றது. கடைசியில் மனைவி ஞானகுமாரி மீன் அலசிக்கொண்டிருந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைத்தாள். உடனே பதிந்துகொண்டு திறந்தது. எண்ணைப் போட்டுத் திறக்கும் வழியும் உண்டுதான். ஆனால் ரகசிய எண்ணைக் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும், குழுவுக்குச் சொன்னால் அது ரகசியம் இல்லை என்று குழுவே அந்த வழியை அடைத்துவிட்டது. ஆகவே பரிசோதனை நடந்த இடத்துக்கெல்லாம் ஞானகுமாரியின் விரலும் கூடவே போனது. விரலோடு ஞானகுமாரியும் போனாள்.

பரிசோதனைத் திட்டத்தைச் செயலாளர் திருமுருகன் தயாரித்தார். பழைய பீரங்கி வண்டிப் பரிசோதனைத் திட்டத்தில் பீரங்கி என்று வந்த இடங்களை அடித்துவிட்டு செல்போன் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் வேலை.

கரடுமுரடான பாதையில் ஓட்டம் என்று இருந்தது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் உட்கார்ந்து, போனை உள்ளங்கையில் தட்டுப்போல ஏந்திக்கொண்டு போனார்கள். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜோசப்ராஜுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஏற்றம் ஏறுதல் என்று இருந்தது. நெமிலிச்சேரி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போனை ஏற்றி இறக்கினார்கள். மின்சார ரயிலில் அம்பத்தூர் வரை பேசிக்கொண்டே போக வேண்டும் என்று இருந்தது. யாரோடு பேசுவது என்று திட்டத்தில் இல்லாததால் ரியாவோடு பேசினார்கள். குழந்தை ஜன்னலையும் சுண்டல் விற்பவரையும் பார்த்தது. ஜோசப்ராஜ் இறங்க மறந்து கொரட்டூர் வரை போய்விட்டார்.

சுடுதல் என்று ஒரு பகுதி. அதைப் புகைப்படம் என்று பொருள் கொண்டார்கள். இலக்கு தலைவரின் முகம். தூரத்திலிருந்து எடுத்தது சுமார். கிட்டத்தில் எடுத்ததில் போன் தானாகவே அவருடைய சுருக்கங்களை எல்லாம் துடைத்துவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் ரோஜா நிறமும் ஏற்றியிருந்தது. ஜானகிராமன் வெகுநேரம் பார்த்தார். கருவி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். படத்தைத் தமக்கு அனுப்பும்படியும், அதை அறிக்கையில் குறிக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

நீர்நிலை கடத்தல்தான் உச்சம். ஜோசப்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டி, போனைப் பாலித்தீன் பையில் போட்டு, பருத்திப்பட்டு ஏரியில் முழங்கால் ஆழம் இறங்கினார். சாட்சிக்கு வந்த குழு கரையில் இல்லை, டீக்கடையில் இருந்தது. பஜ்ஜி சூடாக இருந்ததே காரணம் என்று பின்னால் தெரிந்தது. நட்டநடு நீரில் போன் அடித்தது. பையோடு பச்சையைத் தள்ளினார். ரியாவின் மடியில் குழந்தை. தாத்தாவின் பின்னால் ஒரு நாமக்கோழி நீந்துவதைப் பார்த்துக் கையைக் கொட்டியது. ஜோசப்ராஜ் நாமக்கோழி பக்கம் போனைத் திருப்பி, அது போகிற பக்கமெல்லாம் தாமும் போனார். கரையில் ஞானகுமாரி, "வா மேல, சளி புடிக்கப் போவுது" என்று கத்தியது அவர் காதில் ஏறவில்லை.

அன்றைக்குத்தான் அவருக்கு ஆசை வந்தது.

சாதாரண ஆசை இல்லை. போன் நன்றாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் காலை பல் விளக்கும்வரை நின்றது. நடுப்பகல் வெயிலில் திரை கொஞ்சம் மங்கும், கைக்குட்டையால் மறைத்தால் தெரியும். சத்தத்தை முழுக்க வைத்தால் தகரம் கிழிவதுபோல இருக்கும், முக்காலில் வைத்தால் ரியா கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். முதுகு வழுக்கும், ரப்பர் உறை போட்டாயிற்று. ராத்திரி எடுத்த படத்தில் புள்ளி விழும், ராத்திரி அவர் யாரைப் படம் எடுக்கப் போகிறார்? தேறும். தாராளமாகத் தேறும்.

அதுதான் கஷ்டம். தேறினால் பீரோ. கடைக்குப் போய் இதேபோல ஒன்று வாங்கலாம். வாங்கினால் ஏரிக்கரை நகரே வாசலில் வந்து நின்று, இன்னா அண்ணாத்தே, பொணம் போயிடுச்சா என்று கேட்கும். ஏலத்தில் கழிவாக எடுத்தால் அந்தக் கேள்வி இல்லை. யாருக்கும் வேண்டாத பொருளைப் பாவம் பார்த்து எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மஞ்சள் சீட்டு விழ வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நல்ல பொருளை நொள்ளை என்று எழுத வேண்டும்.

ஜோசப்ராஜ் எழுதினார். பேட்டரி நிற்கவில்லை என்று எழுதினார். பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது என்று எழுதினார். ஞானகுமாரி பக்கத்தில் வந்து நின்று படித்தாள்.

"இன்னாங்க இது. நல்லா கீற பொருள நொள்ளன்னு எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"உனக்குப் புரியாது ஞானம்."

"புரியுது. கடையில போய் வாங்க வெக்கம். பொய் எழுத வெக்கம் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

அறிக்கையை அத்தோடு முடித்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அன்று சாயங்காலம் திருமுருகன் வழியில் பிடித்துக்கொண்டு, மஞ்சள் சீட்டு விழுந்தா சொல்லு அண்ணாத்தே, என் மச்சினனுக்கு ஒரு போன் வேணும், எவ்ளோ ஏறினாலும் ஏலத்துல எடுத்துடறேன் என்றார். ஜோசப்ராஜ் வீட்டுக்கு வந்து கடைசியில் ஒரு வரி சேர்த்தார். பேசும்போது போன் நெருப்பாகச் சூடேறுகிறது, எப்போது வெடிக்குமோ என்று சட்டைப்பையில் வைக்கவே அச்சமாக இருக்கிறது. இனி எந்த மச்சினனும் கிட்டே வரமாட்டான் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். அதன்கீழே குழுவினர் வரிசையாகப் போட்டார்கள். யாரும் படிக்கவில்லை. படித்துவிட்டுப் போடுவது, எழுதியவரைச் சந்தேகிப்பதுபோல ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பொதுக்குழு. கூடம் நிறைந்திருந்தது. மேசைமேல் வெல்வெட் துணி, துணிமேல் போன். ஞானகுமாரி பெண்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திருமுருகன் அறிக்கையை வாசித்தார். பேட்டரிக்கு உச்சுக்கொட்டினார்கள். கடைசி வரி வந்தபோது முன்வரிசை நாற்காலிகள் தாமாகவே கொஞ்சம் பின்னால் நகர்ந்தன.

ஜானகிராமன் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நண்பர்களே, இந்தப் போனில் குறை இல்லாமல் இருந்திருந்தால் நமக்குத்தான் அவமானம். குறை கண்டுபிடிக்க முடியாத குழு எதற்கு என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். அந்த அவமானத்திலிருந்து ஜோசப்ராஜ் நம்மைக் காப்பாற்றியிருக்கிறார். வெடிக்கும் என்று எழுதியிருக்கிறார். வெடிக்கும் பொருளுக்கு மஞ்சள் சீட்டு கொடுக்க முடியுமா? இது சிவப்பு."

ஜோசப்ராஜுக்கு ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. சிவப்பு. வாழ்நாள் முழுக்க மஞ்சளும் சிவப்பும் பிரித்த மனிதர், தம் கையாலேயே சிவப்புக்கு எழுதியிருந்தார். மச்சினனை விரட்டுகிற அவசரத்தில் சுத்தியல் ஞாபகமே வரவில்லை.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வெள்ளிச் சுத்தியலை எடுத்தார்கள். மேசைமேல் இருந்த வெல்வெட்டை மடித்து வைத்துவிட்டு ஒரு துண்டு தண்டவாளத்தைப் போட்டு, அதன்மேல் போனை மல்லாக்கக் கிடத்தினார்கள். ஜோசப்ராஜுக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வையோடு ஓங்க முடியாது என்று மறுபடி அவிழ்த்தார்கள். கையில் சுத்தியல் வந்தது. பழகின கனம். கை தானாக மேலே போயிற்று.

போன் அடித்தது.

ஏலம் முடிகிற நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லி ஞானகுமாரிதான் மகளிடம் சொல்லியிருந்தாள். ஏரியிலும் ரயிலிலும் பழகிய ஜோசப்ராஜின் இடக்கை விரல், குழுவின் அனுமதிக்குக் காத்திருக்காமல் பச்சையைத் தள்ளிவிட்டது. திரையில் ரியா, மடியில் குழந்தை. குரல் கூடத்தின் கடைசி வரிசைவரை கணீரென்று போயிற்று. விட்டு விட்டு எல்லாம் கேட்கவில்லை.

"டாடி, ஏலம் முடிஞ்சுதா? போன் நம்புளுதுதானே இனிமே? சூடாவுதுன்னு எழுதினா எவனும் கிட்ட வரமாட்டான்னு மம்மிகிட்ட சொன்னீங்களாமே, வந்தாங்களா?"

திருமுருகன் தம் செருப்பைப் பார்த்தார். வடிவு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோசப்ராஜ் ஓங்கிய கையை இறக்கவில்லை. எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. சுவரில் காலிக் கண்ணாடிப் பெட்டியும் அதன்கீழே "நேர்மை"யும் இருந்தன.

"சார், போன் நல்லா கீது," என்றார். "பேட்டரி நிக்குது. சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு வேணும்னு பொய் எழுதிக் குடுத்துட்டேன். சிவப்ப எடுத்துடுங்க. பீரோவுலயே வெச்சிக்குங்க. என் பேர வேணா அடிச்சிடுங்க."

இப்படி ஒரு மனிதர் நாலு பேர் நடுவில் தோலுரிந்து நிற்கும்போது, எந்த ஊரிலும் ஒன்று திட்டுவார்கள், அல்லது போகட்டும் என்று விடுவார்கள். ஏரிக்கரை நகர் நலச்சங்கத்தில் விதியைப் பார்த்தார்கள்.

"கையை இறக்கிவிடாதீர்கள் ஜோசப்ராஜ்," என்றார் ஜானகிராமன் மிகவும் அன்பாக. "நீங்கள் ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் அது பொய். கீழே நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நீங்கள் ஏரியில் இறங்கியதை நேரில் கண்டதாக நான் போட்டிருக்கிறேன். நான் அப்போது பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியது பொய் என்றால் நான் போட்டது என்ன? ஆகவே அது பொய்யாக இருக்க முடியாது. அது தீர்மானம். நீங்கள் இப்போது சொல்வதுதான் ஆதாரம் இல்லாத புகார். அதை விசாரிக்க வேண்டுமானால் தனிக் குழு போடலாம். முதலில் அடியுங்கள்."

மற்றவர்களும் அடிக்கச் சொன்னார்கள். கோபமாக இல்லை. பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் போட்டுக்கொள்ளச் சொல்கிற மாதிரி, உபசாரமாகச் சொன்னார்கள்.

போனில் ரியா, டாடி கையில இன்னா அது, யாரு பேசறாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை தாத்தாவின் தலைக்கு மேலே பளபளக்கும் சாமானை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஜோசப்ராஜ் ஞானகுமாரி பக்கம் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுத்தியல் இறங்கியது. ஓங்கிய வேகம் வேறு, இறங்கிய வேகம் வேறு. தொழிற்சாலையில் ஒரே அடியில் இரும்பைத் தட்டையாக்கிய அந்தக் கை, முட்டை ஓட்டைத் தட்டுவதுபோலத் தட்டியது. திரைமேல் ஒட்டியிருந்த காப்புக் கண்ணாடி மட்டும் சடசடவென்று சிலந்திவலைபோல விரிந்து, துகளாக உதிர்ந்தது. அதற்கு அடியில் போன் அப்படியே இருந்தது. குழந்தையும் அப்படியே இருந்தது. தாத்தா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக் கெக்கெக்கே என்று சிரித்தது.

வெடிக்கும் பொருள் என்பதால் அடி விழும்போது ஜானகிராமன் கண்ணை இறுக மூடியிருந்தார். உடைந்ததா என்று கேட்டார். கண்ணாடி உதிர்ந்தது என்றார் திருமுருகன். அப்படியானால் உடைந்தது என்றார் தலைவர். குறித்துக்கொண்டார்கள். துகளை ஒரு பையில் அள்ளி அரக்கு வைத்துப் பீரோவில் பூட்டினார்கள். போன் தண்டவாளத்தின்மேல் வெளிச்சமாகக் கிடந்தது. அழிந்துபோன பொருளைப் பார்ப்பது முறையல்ல என்பதால் யாரும் பார்க்கவில்லை. டீயும் பஜ்ஜியும் வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சுத்தியலைத் துடைத்துப் பெட்டியில் வைத்துச் சாவி போட்டார்கள்.

ஜோசப்ராஜ் தண்டவாளத்தின் பக்கத்திலேயே நின்றார். எடுக்கவும் கை வரவில்லை, விட்டுப் போகவும் கால் வரவில்லை. ஞானகுமாரிதான் வந்தாள். போனைப் பூசைக்குப் போட்டுப்போன முக்காட்டுத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வாங்க, ஊட்டுக்குப் போலாம்," என்றாள்.

அப்படியாக, ஆசைப்பட்ட போன் ஜோசப்ராஜின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஏலம்கூடக் கேட்காமல். இன்றைக்கும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லை. தெருவில் அவருடைய பையிலிருந்து அது அடிக்கும்போது எதிரே வருகிறவர்கள் ஆகாயத்தைப் பார்த்து, மழை வருமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இன்னா அண்ணாத்தே என்று யாராவது ஒருவர் கேலி பேசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவர்கூடப் பேசவில்லை. சிவப்புச் சீட்டு விழுந்த சாமானைப்போல அவரையும் பார்க்காமலே மரியாதையாகக் கடந்து போகிறார்கள். கால்வாய் அடைப்பு அப்படியே இருக்கிறது. வேறொரு மாதிரி போன் வாங்குவதாகத் தீர்மானம் ஆகியிருக்கிறது. பரிசோதகர் யார் என்று கேட்டபோது, அனுபவம் உள்ளவர் என்று எல்லோரும் ஒருமனதாக ஜோசப்ராஜ் பெயரையே சொன்னார்கள்.

தினமும் சாயங்காலம் ரியா கூப்பிடுகிறாள். ஞானகுமாரி விரலை வைத்துத் திறந்து, போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறாள். கதவை ஒருக்களித்துக்கொண்டு அவர் உட்காருகிறார். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. தாத்தா முகம் தெரிந்ததும் முதல் காரியமாகச் சின்ன முஷ்டியை மடக்கித் தலைக்குமேல் ஓங்கி, டொம் என்று கீழே இறக்கிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது.

பதிலுக்கு அவர் ஓங்காவிட்டால் அழுகிறது.

ஜோசப்ராஜ் ஓங்குகிறார்.